வெயிலில் தோல் கெடுவது எப்படி, காப்பது எப்படி: மாநிறத் தோலுக்கான முழுமையான வழிகாட்டி

கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில்தான் நம் வீடுகளில் குடையும் தொப்பியும் தேடப்படுகின்றன. தோலின் கணக்கில் அது காலம் கடந்த ஏற்பாடு. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். கன்னியாகுமரியில் சித்திரை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பே அது நடந்துவிடுகிறது. ஆவணி பிறக்கும் வேளையில் சென்னையின் உச்சியைச் சூரியன் மறுபடியும் கடக்கிறது. தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிரின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது சூரியன் வானில் நிற்கும் உயரமே; காற்றின் வெப்பத்துக்கு அதில் பங்கில்லை. அந்தக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, உடம்பில் சூடாகவும் உறைக்காது. அதனால்தான் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிர்காற்றை நம்பி நாள் முழுதும் நடப்பவர்கள் மாலையில் மூக்கும் கன்னமும் எரிய அறைக்குத் திரும்புகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

இந்த வழிகாட்டி நம் நாட்டில் பெரும்பான்மையோருக்கு உள்ள மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. வெளுத்த தோலுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. தோல் புற்றுநோய் குறித்து வேண்டாத அச்சம் ஒருபுறம். நமக்கு உண்மையில் வரக்கூடிய நிறமிக் கோளாறுகளைப் பற்றிய அறியாமை மறுபுறம்.

தோலுக்குள் நடப்பது

தரையை அடையும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு யுவிஏ வகை, எஞ்சியது யுவிபி. இவற்றைவிட ஆபத்தான யுவிசியை ஓசோன் படலமும் காற்று மண்டலமும் மேலேயே தடுத்துவிடுகின்றன. யுவிபி தோலின் மேலடுக்கில் தங்கி, செல்களின் டிஎன்ஏவை நேரடியாகத் தாக்கி, எரிச்சலையும் கொப்புளத்தையும் உண்டாக்குகிறது. யுவிஏ அதற்கும் கீழே இறங்கி, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளைப் பல ஆண்டுகளாகச் சிதைத்துக்கொண்டே வருகிறது. வயதுக்கு முந்திய சுருக்கமும் தொய்வும் சொரசொரப்பும் பெரும்பாலும் இதனால் விளைபவை. யுவிபியைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். யுவிஏ அதை ஊடுருவி வரும். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 69 வயதான லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளிவந்தது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய அவருடைய முகத்தில் சன்னல் பக்கமாக இருந்த இடப்பாதி மட்டும் ஆழமாகச் சுருங்கித் தடித்திருக்க, மறுபாதி வயதுக்கு ஏற்ற தோலாகவே இருந்தது. நம் சாலைகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர்களின் வலது முழங்கையையும் இடது முழங்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது விளங்கும்.

மாநிறத் தோலுக்கு இயல்பாகவே ஒரு காப்பு உண்டு. மெலனின் என்னும் நிறமித் துகள்கள் செல்லின் உட்கருவுக்கு மேல் தொப்பிபோலக் குவிந்து டிஎன்ஏவை மறைக்கின்றன. அமெரிக்காவில் 1979-இல் அளந்து பார்த்தபோது, கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் காப்பு சராசரியாக எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 13 அளவிலும், வெள்ளையரின் மேல்தோல் தருவது 3 அளவிலும் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருப்போம். சூரியனால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆயினும் அதே மெலனின் செல்கள் சிறு தூண்டுதலுக்கும் கூடுதலாக வேலைசெய்யும் இயல்புடையவை. வெளுத்த தோல் சிவந்து எரியும் இடத்தில் நம் தோல் கறுத்துத் திட்டாகிறது. பரு, கொசுக்கடி, சிராய்ப்பு ஆகியவை ஆறிய இடத்தில் வெயில் பட்டால் அந்தத் தழும்பு மாதக்கணக்கில் கருமையாகவே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீல, ஊதாப் பகுதி, நம் தோலைக் கறுக்கச் செய்கிறது. வெளுத்த தோலில் அந்த விளைவு ஏறக்குறைய இல்லை.

வெயிலில் கறுத்துப்போவதை ‘உடம்பு பழகிக்கொள்கிறது’ என்று சொல்வார்கள். அது அடி வாங்கிய தோல் காட்டும் எதிர்வினை. நிழலுக்கு வந்த பிறகும் மெலனின் செல்களில் டிஎன்ஏ சேதம் சில மணி நேரம் தொடர்கிறது என்பதையும், அதில் மெலனினுக்கே ஒரு பங்கு இருப்பதையும் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள்.

முதல் படி: வெப்பத்தை விடுத்து நிழலை அளப்பது

வானிலைச் செயலிகளில் புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் ‘யுவி இண்டெக்ஸ்’ என்ற எண் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்த அளவுகோலில் 3 முதல் காப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-உம் அதற்கு மேலும் கடுமை. தெளிவான வானமுள்ள ஏப்ரல் நண்பகலில் தமிழகச் சமவெளியில் இது 11-ஐத் தாண்டுவது வழக்கம்.

செயலி இல்லாவிட்டாலும் குறையில்லை. வெட்டவெளியில் நின்று தம் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே நிற்கிறது, புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். சென்னையில் சூரியன் உச்சமடையும் நேரம் ஏறத்தாழ 12.10. சித்திரையில் காலை 9.10 முதல் பிற்பகல் 3.10 வரை, முழு ஆறு மணி நேரம், நிழல் குட்டையாகவே இருக்கும். மார்கழிக் குளிரிலும் ஏறத்தாழ 10.20-க்கும் 1.55-க்கும் இடையே நிழல் நம் உயரத்தை எட்டாது. ஐரோப்பியர் குளிர்காலத்தில் சன்ஸ்கிரீனை எடுத்து வைத்துவிடலாம். நமக்கு அந்த விடுமுறை இல்லை. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிரின் பெரும்பகுதி, சில வேளைகளில் 80 விழுக்காடு வரை, கீழே வந்துவிடும் என்பதால் மந்தாரமான நாளை நம்பக் கூடாது. காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. எனவே மெரினாவில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் கதிர் பக்கவாட்டிலிருந்து வரும்.

கடை வேலை, வங்கி வேலை, துணி உலர்த்துதல் போன்றவற்றை ஒன்பது மணிக்கு முன்பும் நாலு மணிக்குப் பின்பும் தள்ளிப்போட முடிந்தால், மற்ற எல்லா முயற்சியையும்விட அதுவே அதிகப் பயன் தரும். பள்ளி விளையாட்டு விழாக்களை நண்பகலில் நடத்துவதைப் பெற்றோர்கள் கேள்வி கேட்கலாம்.

இரண்டாம் படி: தாம் எந்த வகையினர் என்று அறிவது

சிலருக்குச் சாதாரண வெயிலே கேடாகும். பிறவியிலேயே நிறமி இல்லாத ஆல்பினிசம் உள்ளவர்களுக்கு நம் ஊர் வெயில் உண்மையாகவே உயிராபத்து. இளவயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடிய அவர்களுக்கு முழுக்கை ஆடை, தொப்பி, சன்ஸ்கிரீன், தோல் மருத்துவரின் தொடர் பரிசோதனை ஆகிய நான்கும் அன்றாடத் தேவை. வெண்புள்ளி உள்ளவர்களின் வெள்ளைத் திட்டுகள் எளிதில் எரிந்துபோகும். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் தோலில் மட்டுமன்றி உள்ளுறுப்புகளிலும் நோயைக் கிளப்பிவிடலாம்.

அடுத்தது மருந்துகள். கிருமித் தொற்றுக்கான டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை தோலின் வெயில் தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. வெயில் காப்பைக் கூட்டி, மருத்துவரிடம் கேட்க வேண்டும். முகம் வெளுக்கட்டும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெளியே போவது இதே வரிசையில் சேர வேண்டிய பழக்கம். எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள ஃபுரோகூமரின் என்னும் பொருள் யுவிஏவுடன் சேர்ந்து தோலை வேகவைக்கும். சாறு வழிந்த கோட்டிலேயே கொப்புளமும், பிறகு நீங்காத கருமையும் தோன்றும்.

மாசி, பங்குனியில் முன்கை, கழுத்துப் பகுதிகளில் அரிப்புடன் சிறு பொரிகளோ வெளிறிய புள்ளிகளோ வருவது பலருக்கு வெயில் ஒவ்வாமையாக இருக்கும். வேர்க்குரு வேறு, அது வியர்வைக் குழாய் அடைப்பு. வயல் வேலை செய்வோருக்கு முகத்திலும் கண்ணிமையிலும் கழுத்து மடிப்பிலும் தோல் தடித்து அரித்தால், வெயிலைக் குற்றஞ்சாட்டுமுன் பார்த்தீனியச் செடியைச் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் தோல் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

மூன்றாம் படி: முதலில் துணி, பிறகுதான் கிரீம்

விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. துணி வியர்வையில் வழிந்து போகாது, இரண்டு மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்களே, அதைவிடச் சிறந்த வெயில் காப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவுக்குக் காப்பு குறைவு. நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் நல்லவை. ஜீன்ஸ் துணி மிகச் சிறந்தது என்றாலும் நம் புழுக்கத்துக்கு ஏற்றதன்று. மெல்லிய வெள்ளைப் பருத்தி உடம்புக்குக் குளுமை தரும், கதிரை ஓரளவுதான் தடுக்கும். நனைந்தால் அதுவும் குறையும். நடுத்தர நிறத்தில், நெருக்கமாக நெய்த, தளர்வான பருத்திச் சட்டையே பொருத்தமான சமரசம். இரு சக்கர வண்டியில் போகும் பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டா பெரும்பாலும் மெல்லிய ஷிஃபானாக இருக்கிறது. இரண்டு மடிப்பாகக் கட்டினால் பயன் கூடும். கைப்பிடியைப் பற்றியிருக்கும் புறங்கைகளுக்கு உறை தேவை. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் முகமூடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், அதை மேலே தூக்கிவிட்டு ஓட்டுவது இரட்டை நட்டம்.

கறுப்புத் துணிக் குடை மேலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கிறது. ஆண்கள் குடை பிடிக்கக் கூசுவது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தொப்பி என்றால் சுற்றிலும் குறைந்தது ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். கிரிக்கெட் தொப்பி நெற்றியையும் மூக்கையும் மட்டும் காத்து, காதையும் பிடரியையும் விட்டுவிடும்.

கண்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உப்பளத்திலும் கடலிலும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்கு வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்குப் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம். கண்புரையிலும் அதற்குப் பங்குண்டு. ‘யுவி 400’ என்று குறிக்கப்பட்ட குளிர்கண்ணாடி வாங்க வேண்டும். அக்காப்பில்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி கண் பாப்பாவை விரியச் செய்வதால் தீங்கைக் கூட்டவும் கூடும்.

நான்காம் படி: துணி மூடாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன்

எஸ்பிஎஃப் எண் யுவிபியைத் தடுக்கும் ஆற்றலைக் குறிக்கிறது. 15 என்பது சுமார் 93 விழுக்காட்டையும், 30 என்பது 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே 50-க்கு மேல் எண்ணைத் துரத்திக் காசைச் செலவிட வேண்டியதில்லை. நம் நிறத்துக்கு யுவிஏ காப்பே கூடுதல் முக்கியம். அதை ஜப்பானிலிருந்து வந்த ‘பிஏ’ குறியீடு காட்டும். மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். யுவிஏ, யுவிபி இரண்டையும் தடுப்பதைக் குறிக்கும் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து அடைந்தவை. பெரும்பாலோர் பூசுவது அதில் கால் முதல் பாதி வரைதான். காப்பும் அதற்கேற்பச் சரிகிறது. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய கிரீமே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. முதல் தடவை இது மிக அதிகமாகத் தோன்றும். இரண்டு முறையாகப் பிரித்துப் பூசினால் தோலில் நன்கு படியும். காது மடல், பிடரி, இரவிக்கையின் கழுத்து வெட்டில் தெரியும் முதுகு, புறங்கை ஆகியவற்றை எல்லாரும் மறக்கிறார்கள். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்தபின் உடனேயும் மீண்டும் பூச வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ ஜெல் வகை ஏற்றது. எண்ணெய்ப்பசை முகமும் பருவும் உள்ளவர்களுக்கும் அதுவே.

துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளவை எரிச்சல் தராதவை, ஆனால் மாநிற முகத்தில் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரியும். இரும்பு ஆக்ஸைடு சேர்த்து நிறமேற்றிய ‘டிண்டட்’ வகையில் அந்தத் தொல்லை குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுப்பதால், முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

சரியான அளவில் முகம், கழுத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூசினால் 50 கிராம் குழாய் மூன்று வாரம்கூட வராது. எல்லாக் குடும்பங்களும் தாங்கும் செலவன்று இது. குறைவாகப் பூசி ஆறு மாதம் ஓட்டுவதைவிட, குடையையும் முழுக்கைச் சட்டையையும் நம்பி, நண்பகல் பயணத்துக்கு மட்டும் கிரீமைச் சரியான அளவில் பயன்படுத்துவது அறிவுடைமை. தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ சந்தனமோ இதற்கு மாற்றாகா.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வு விடையளிக்கிறது. 1,600-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அதில், நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் செல் வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் வெளுத்த தோலினர் என்பதால் முதல் எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது முடிவு நமக்கும் பொருந்தக்கூடியதே.

ஐந்தாம் படி: எரிந்துவிட்டால்

நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம்; தொட்டால் சூடு, இறுக்கம், வலி ஆகியவையே அடையாளம். எரிச்சல் சில மணி நேரம் கழித்துத் தொடங்கி ஒரு நாளுக்குள் உச்சமடையும். நிழலுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீர்த் துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி, ஈரம் காயுமுன் மணமற்ற மாய்ஸ்சரைசரையோ கற்றாழைச் சோற்றையோ தடவலாம். பனிக்கட்டி வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது, பற்பசை பூசக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். தண்ணீரும் மோரும் நிறையக் குடிக்க வேண்டும். பரவலான கொப்புளம், காய்ச்சல், வாந்தி, மயக்கம் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: மங்கும் கருமையும் ஏற்கெனவே வந்திருந்தால்

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்கு, கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை உண்ணும்போதும் பெண்களுக்கு மிகுதியாக வருகிறது, ஆண்களையும் விடுவதில்லை. பரம்பரையும் ஹார்மோனும் விதை போட, ஒளி அதை வளர்க்கிறது. ஆகையால் வெயில் காப்பு இல்லாமல் எந்த மருந்தும் நிலைத்த பலன் தராது. ஹைட்ரோகுவினோன், அசெலாயிக் அமிலம், டிரானெக்ஸாமிக் அமிலம் போன்றவற்றைத் தோல் மருத்துவரே அளவும் காலமும் வகுத்துத் தர வேண்டும். தெளிய மாதங்கள் ஆகும், ஒரே கோடையில் திரும்பவும் கூடும்.

மருந்துக் கடையில் ‘முகக் கருமைக்கு ஒரு கிரீம்’ என்று கேட்டு வாங்குவதே நம் ஊரில் வெயிலைவிடப் பெரிய கேடாகியிருக்கிறது. அவற்றில் பல, பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலந்தவை. முதல் சில வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, வெயிலில் கால் வைத்தாலே முகம் எரியத் தொடங்கும். நிறுத்தினால் எல்லாம் ஒன்றாகச் சீறும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் மைய அரசு விதியை இறுக்கியும் விற்பனை நின்றபாடில்லை. இப்படிப்பட்ட கிரீமை ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் திடீரென்று விட்டுவிடாமல், குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பெயர் தெரியாத வெளிநாட்டு வெண்மைக் கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏழாம் படி: குழந்தைகளும் வைட்டமின் டியும்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும் போதும். அதற்கு மேற்பட்டவர்களுக்குத் துத்தநாக வகை ஏற்றது.

‘காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்’ என்ற நம்பிக்கை பரவலானது. அதை உண்டாக்குவது யுவிபி. நிழல் நீண்டு கிடக்கும் ஏழு மணி வெயிலில் அது மிகக் குறைவு, சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஏறக்குறைய இல்லை. நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில் முகத்தை மறைத்து, கைகால்களை மட்டும், தோல் சூடேறி உறுத்துமுன் நிழலுக்குத் திரும்பும்படி வாரத்தில் சில நாள் காட்டுவது ஒரு வழி. மங்கோ லூபஸோ உள்ளவர்கள் அதையும் தவிர்த்து, இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை உடம்பு முழுதும் பார்ப்பது

நான்கு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் பளபளப்பான கறுப்பு முடிச்சு, கீழுதட்டில் தொடர்ந்து உரியும் தடிப்பு, பழைய தீப்புண் தழும்பில் புதிதாக வளரும் சதை ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். மச்சம் ஒன்று உருவில் ஒழுங்கு குலைந்து, ஓரம் சிதைந்து, பல நிறம் காட்டி, பெரிதாகிக்கொண்டே போனாலும் அப்படியே.

நம் நிறத்தவருக்கு வரும் மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றுநோய், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் மிகுதியாகத் தோன்றுகிறது. சன்ஸ்கிரீனால் அதைத் தடுக்க முடியாது. பாடகர் பாப் மார்லியின் உயிரை 1981-இல் பறித்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய அந்த நோய்தான். எனவே குளித்தபின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாத முதியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றிய கறுப்புக் கோடு அகன்றுகொண்டோ, நகத்தைத் தாண்டித் தோலுக்குப் படர்ந்தோ இருந்தால், அடிபட்ட இரத்தக்கட்டு என்று காத்திராமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.